சந்தைக்குக் கிழக்கே நூற்றிருபது பேர்ச்

பனிச்சங்குடாவில் நேவி சரீப்பைத் தெரியாத ஆள் கிடையாது. தெரியாதவர் யாராவது இருந்தால் சரீப்பே தேடிப்போய்த் தெரிவித்துவிடுவார். வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தில் கொடியை இறக்கிச் சுருட்டிக்கொண்டு கப்பலேறும்வரை அங்கே வேலை பார்த்தவர். என்ன வேலை என்று கேட்டால் "ஒபிசர்மாரோட" என்பார். பொய் இல்லை. ஒபிசர்மாரின் குசினியில் உருளைக்கிழங்கு சீவுவதும், கையைக் கழுவிவிட்டு அவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோவதும்தான் வேலை. அவர்களுடைய மேசையில் எந்நேரமும் ஒரு படம் விரிந்து கிடக்கும். ஒருவர் அதில் ஓர் எண்ணைத் தொட்டு ஏதோ சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். தட்டோடு நின்ற சரீப்பும் சேர்ந்து தலையாட்டியிருக்கிறார். நேவி போய் இரண்டு வருஷம் ஆன பிறகும், அந்தத் தலையாட்டலை வைத்துத்தான் மனிதர் ஊரில் மரியாதையாகக் காலம் தள்ளினார்.

"நேவி மெப் வாசிக்கிறதெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு" என்று தேத்தண்ணிக் கடையில் சொல்வார். யாரும் மறுத்துப் பேசவில்லை. பேசுவதற்கு அந்த ஊரில் ஒரு மெப் இருந்தால்தானே!

வீட்டில் மட்டும் இந்தப் பெருமை செல்லவில்லை. சரீப்புக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அந்தக் கரையில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். வீட்டைப் பெண்ணைப் பெற்றவர்கள் கொடுக்கவேண்டும். இருந்த ஒரே வீட்டையும் மூத்தவள் ஜெஸீமாவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. சரீப்பும் மனைவி ஜெமீலாவும் இளையவள் நஜ்முன் நிஸாவும் அதே வளவின் மூலையில் ஓர் ஓலைக் கிடுகுக் கொட்டிலில் இருந்தார்கள். நிஸாவுக்குத் தோப்பூர் முஹம்மது தம்பியின் மகனைப் பேசியிருந்தது. நல்ல பெடியன். பெருநாளைக்கு வந்தபோது நிஸா அவனைக் கதவிடுக்கால் பார்த்துவிட்டு, அன்று முழுக்கச் சோற்றுக்கு உப்புப் போட மறந்துபோனாள்.

முஹம்மது தம்பி வயல்காரர், நேராகக் கதைக்கிற ஆள். "வீட்டைப் பிறகு கட்டலாம் மச்சான். நிலம் வேணும். நிலம் இல்லாம என்ட மகன் எங்க வந்து காலை வைக்கிற?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில்தான் காணிக்கச்சேரி வருகிறது என்று ஊர் அலுவல் பார்க்கும் விதானை தம்பிராசா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். காணி இல்லாதவர்களுக்கு அரசாங்கம் முடிக்குரிய நிலத்தைப் பங்கிட்டுக் கொடுக்குமாம். ஜெமீலா அன்று இரவே நேர்ச்சை வைத்துவிட்டாள்.

அந்தப் பகுதியின் அரசாங்க அலுவல்களைப் பார்த்த காரியாதிகாரி இராஜநாயகம், ஊருக்கு அவர்தான் துரை, யாழ்ப்பாணத்தவர். லத்தீன் படித்துப் பட்டம் வாங்கியவர். பனிச்சங்குடாக் கந்தோரில் லத்தீனுக்கு வேலை வரவில்லை. அதற்காக அவர் கம்பீரத்தைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை. நேவி விட்டுப்போன தளபாடங்களைக் கந்தோர்களுக்குப் பங்கிட்டபோது அவருக்கு ஓர் அலுமாரியும், நாலு கதிரையும், ஒரு பூகோள உருண்டையும், சுருட்டிய படம் ஒன்றும் கிடைத்தன. உருண்டையைக் கண்டதும் துரை முகத்தைச் சுளித்தார். அது ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது.

"லொறியில ஏத்தேக்க நெளிச்சுப்போட்டாங்கள்" என்று சொல்லி, ஆசாரியைக் கூப்பிட்டுத் தண்டை நிமிர்த்துவித்தார். அன்றிலிருந்து பனிச்சங்குடாக் கந்தோரில் மட்டும் உலகம் நேராக நிமிர்ந்து நின்று சுற்றியது.

காணிக்கச்சேரிக்கு நாள் குறித்தது கொழும்பு. காணியின் அளவைப் படத்தை அனுப்பவேண்டிய கந்தோர் அதை அனுப்பவில்லை. இரண்டு தந்தி அடித்தும் பதில் இல்லை. படம் வரவில்லை என்று நாளைத் தள்ளினால் மேலிடம் கோபிக்கும், கோபித்தால் இடமாற்றம் வரும். இராஜநாயகத்தார் கையைப் பிசைந்துகொண்டிருந்தவர், அலுமாரிக்கு மேலே கிடந்த சுருளைக் கண்டார். விரித்துப் பார்த்தார். பெயர் எழுதியிருந்த மேற்பாதியைக் கறையான் தின்றிருந்தது. மிஞ்சியதில் ஒரு வளைந்த கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் வெறுமை, அந்தப் பக்கம் நெருக்கமாக எண்கள். எண்கள் இருந்தால் காணித் துண்டுகளும் இருக்கும் என்றுதானே அர்த்தம்? துரை அதைக் கொண்டுபோய் விறாந்தையில் தொங்கவிட்டு, "பொதுமக்கள் பார்வையிடலாம்" என்று எழுதி ஒட்டினார்.

பொதுமக்கள் பார்வையிட்டார்கள். அட, பார்வைதானே, இலவசம்! மீன்பிடிக்கிறவர்களும் விறகு வெட்டுகிறவர்களும் வந்து நின்று, வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. பக்கத்தில் நிற்கிறவனுக்கு விளங்கிவிட்டது போலல்லவா இருக்கிறது! கடைசியில் யாரோ சரீப்பைக் கூட்டிவந்தார்கள்.

சரீப் படத்தைக் கண்டதும், அவருக்கு அந்தப் பழைய மேசை கண்முன் வந்தது. அதே மாதிரிக் கோடு, அதே மாதிரி எண்கள். நெஞ்சு விம்மியது.

"இது நேவி கீறின மெப்" என்றார்.

"எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்க காக்கா" என்று, தம்பிமார் அண்ணனைக் கேட்பது போலக் கேட்டார்கள்.

சரீப் ஒபிசர்மாரைப் போலவே குனிந்து, ஓர் எண்ணில் விரலை வைத்தார். இனிச் சொல்லாமல் விடமுடியாது. "இந்த நம்பருகள் காணிட அளவு. பேர்ச் கணக்கு. ஏக்கருக்கு நூத்தியறுவது. ஏழு எண்டா ஏழு பேர்ச். முப்பது எண்டா முப்பது பேர்ச்."

கூட்டம் மூச்சை இழுத்தது. படத்தின் நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு நட்சத்திரம். சுற்றிவர நுணுக்கமான கோடுகள்.

"அது என்ன காக்கா?"

"அதுவா? சந்தை" என்றார் சரீப், இமை வெட்டாமல். "நடுவுல கிணறு. சுத்திவரக் கடை. நாலா பக்கமும் றோட்டுப் போகுது, பாருங்க."

ஊருக்குச் சந்தை வரப்போகிறது என்றதும் விறாந்தை கலகலத்துப் போயிற்று. ஆடு வளர்க்கிற விதவை குணேஸ்வரி, சந்தைக்குக் கிட்ட ஒரு சின்னத் துண்டு கிடைத்தால் போதும் என்று அங்கேயே கும்பிட்டாள். ஜெமீலா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கிட்ட வந்தாள்.

"இஞ்சருங்க, இதுல கடல் எங்க?"

நியாயமான கேள்வி. கடற்கரையில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்பிள்ளை கேட்கவேண்டிய முதல் கேள்வி. சரீப்புக்கும் அந்தக் கணம் ஒரு சின்ன உதறல் எடுத்தது. ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"இந்தா, வெறுமையாக் கிடக்குதே, இதுதான் கடல். தண்ணிக்கு மேல ஆரு புள்ள நம்பர் எழுதுற?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜெமீலாவுக்கு முகம் சிவந்துபோயிற்று. கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

யன்னலுக்கு உள்ளே நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த இராஜநாயகத்தாருக்கு, இரண்டு நாளாக மண்டையைக் குடைந்த விஷயம் தெளிந்தது. காணி இலக்கம் என்றால் ஒன்று ஒரு தரம்தானே வரும், ஏன் இத்தனை ஏழு, இத்தனை ஒன்பது என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். பேர்ச்! சரீப்பை உள்ளே கூப்பிட்டார்.

"நீர் நேவியில இருந்தனீராம். அந்த எண்கள் என்ன எண்டு உமக்கு விளங்குதோ எண்டு பாப்பம்."

"பேர்ச், சேர்."

"சரி" என்றார் துரை, வாத்தியார் சரியான விடைக்குத் தலையாட்டுவது போல. "நானும் அதைத்தான் சொல்ல இருந்தனான்."

சரீப் உருண்டையைப் பார்த்தபடி, "இதுல நம்மட ஊர் எங்க சேர்?" என்று கேட்டார். துரை உருண்டையைச் சுழற்றி, சுட்டுவிரலை ஊன்றினார். விரலுக்குக் கீழே ஊர் மட்டுமல்ல, இலங்கையே மறைந்துபோயிற்று. "இதுக்குள்ளதான்" என்றார். சரீப் பவ்வியமாகத் தலையாட்டினார். வெளியே வந்தபோது அவருடைய உதறல் நின்றிருந்தது. படித்த துரையே சரி என்று சொல்லிவிட்டார், இனி என்ன? உள்ளே இருந்த துரையும் அதே நிம்மதியில் சாய்ந்து உட்கார்ந்தார். நேவிக்காரனே சொல்லிவிட்டான்.

காணிக்கச்சேரியன்று பனிச்சங்குடாவில் நடந்த சண்டையைப் போல முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எல்லாருக்கும் பெரிய எண் வேண்டும், அதுவும் சந்தைக்குக் கிட்ட வேண்டும். முப்பதுக்கு ஆறு பேர் அடிபட்டார்கள். குணேஸ்வரிக்குக் கரையோரம் இரண்டு கிடைத்தது. இரண்டு பேர்ச்சில் ஆட்டைக் கட்டுவதா, தான் படுப்பதா என்று அழுதாள். படத்திலேயே பெரிய எண் சந்தைக்குக் கிழக்கே இருந்த நூற்றிருபது. அது யாருக்குப் போனது என்று சொல்லவும் வேண்டுமா? ஊருக்கே படம் வாசித்துக் கொடுத்த மனிதருக்குத் துரை காட்டிய மரியாதை அது. "சந்தைக்குக் கிழக்கே நூற்றிருபது பேர்ச், எல்லை பின்னர் காட்டப்படும்" என்று பெர்மிட் எழுதி முத்திரை குத்தினார். மேலிடத்துக்கு அன்றைக்கே அறிக்கை போயிற்று: குடியேற்றம் பூர்த்தி.

முஹம்மது தம்பி பெர்மிட்டைக் கையில் வாங்கி முத்திரையைத் தடவிப் பார்த்தார். "சந்தைக்குப் பக்கத்துலயா? கடையும் போடலாம் போல மச்சான்!" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். கலியாணத்துக்கு நாள் பார்த்தாயிற்று. நிஸா அன்றைக்குச் சோற்றுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள்.

மூன்று கிழமை கழித்து நிலம் அளக்கும் சேவையர் பேணாட் லோஞ்சுப் படகில் வந்து இறங்கினார், உண்மையான அளவைப் படத்தோடும் சங்கிலியோடும். விறாந்தையில் தொங்கியதைப் பார்த்தார். இன்னொருதரம் பார்த்தார். பிறகு விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். பியோன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் மனிதருக்குக் கதை வந்தது. துரை அவரை உள்ளே இழுத்து, சரீப்பையும் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"சேர், இது கப்பல்காரன்ர படம். அவனுக்குக் கரையில என்ன அலுவல்? அதுதான் கரையை வெறுமையா விட்டிருக்கிறான். நம்பர் முழுக்கக் கடல்ல. ஆழம் சேர், ஆழம்! ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம். அப்பிடிப் பாகக் கணக்கில ஆழம்."

"அப்ப சந்தை?" என்று கேட்டார் சரீப். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அது திசை காட்டுற வட்டம் காக்கா. வடக்கு, தெக்கு."

"நூத்தியிருபது?"

"குடாவில அதைவிட ஆழமான இடம் கிடையாது" என்றார் பேணாட். இப்போது அவர் சிரிக்கவில்லை, சரீப்பின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

சரீப்புக்குக் கால் கூசியது. தினமும் லோஞ்சு போகிற வழி! அதற்கு மேலாலே எத்தனை தரம் வெற்றிலை துப்பிக்கொண்டு போயிருப்பார்!

துரைக்கு வியர்த்துக் கொட்டியது. பெர்மிட்டுகளை ரத்துச் செய்தால் ஏன் என்று கேட்பார்கள். செய்யாமல் விட்டால், காணி உள்ளவனுக்கு மறுபடி காணி கொடுக்கச் சட்டம் இடம் கொடாது. சட்டத்தின் கண்ணில் சரீப் இப்போது ஊரிலேயே பெரிய காணிக்காரர். உண்மையான காணி அங்கே றோட்டோரம் காடாகக் கிடக்கிறது. அதில் கால் வைக்கப் பனிச்சங்குடாவில் ஒருவருக்கும் உரிமை இல்லை.

லத்தீன் அன்றைக்குத்தான் உதவியது என்று நினைக்கிறேன். துரை நெடுநேரம் கூரையைப் பார்த்துவிட்டு, பேனையை எடுத்து எழுதி, வாசித்துக் காட்டினார்: "வழங்கப்பட்ட காணிகள் யாவும் முற்றாக நீரில் மூழ்கியுள்ளன. மாற்றுக் காணி வழங்க அனுமதி கோருகிறேன்."

"இதில ஒரு சொல்லுப் பொய்யோ, சொல்லும் பாப்பம்!"

பேணாட் யோசித்துப் பார்த்தார். "இல்லை சேர்" என்றார், மெதுவாக.

"அப்ப எல்லாரும் கையெழுத்து வைக்கவேணும். சரீப், முதல்ல நீர். படம் வாசிச்ச கதையை இனி ஒருத்தரும் மூச்சு விடப்படாது."

சரீப் சந்தோஷமாகவே வைத்தார். காணியும் கிடைக்கும், மானமும் தப்பும். பேனையைக் கீழே வைக்கும்போது துரையின் கையைப் பிடித்து முத்தமிடலாம் போலிருந்தது அவருக்கு.

மேலிடம் அறிக்கையை வாசித்தது. நீரில் மூழ்கியது என்றால் வெள்ளம் அல்லவா? பனிச்சங்குடாவில் வெள்ளம்! அது ஆடி மாதம். கச்சான் காற்றுப் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. குளம் வெடித்துக் கிடந்தது. பெண்கள் குடத்தோடு ஊர் ஊராக அலைந்தார்கள். அந்தப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வெள்ள நிவாரண லொறி வந்து நின்றது, மாவும் கம்பளியும் ஏற்றிக்கொண்டு.

முதலில் ஊர் விழித்தது. பிறகு மா மூட்டையைக் கண்டதும் எல்லாருக்கும் வெள்ளம் ஞாபகம் வந்துவிட்டது. விதானை தம்பிராசா, தண்ணீர் முழங்கால் மட்டும் வந்தது என்றார். இரண்டாவது மூட்டை இறங்கியபோது இடுப்புவரை என்றார். கம்பளி இறங்கியதும் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். குணேஸ்வரி தன்னுடைய வெள்ளாடு அள்ளுண்டுபோன கதையைச் சொல்லி மூக்கைச் சிந்தினாள். அந்த ஆடு அவளுக்குப் பின்னால் நின்று அவளுடைய சேலைத் தலைப்பைத் தின்றுகொண்டிருந்தது. சரீப்பும் ஒரு கம்பளி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, வியர்க்க வியர்க்க வீட்டுக்குப் போனார்.

அடுத்த மாதமே றோட்டோரத்தில் கல் நட்டு எல்லாருக்கும் துண்டு பிரித்தார்கள். சரீப்புக்கு இருபது பேர்ச். நல்ல மண். ஜெமீலா செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நிலத்தில் மூலைக்கு மூலை நடந்தாள். "இது போதும். அல்லாஹ் போதுமான அளவு தந்திருக்கான்" என்று அழுதாள். நிஸா கிணறு எங்கே, குசினி எங்கே என்று குச்சியால் தரையில் கீறி வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தோப்பூரிலிருந்து ஆள் வந்தது. கலியாணம் வேண்டாமாம்.

சரீப் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். முஹம்மது தம்பி கதிரை போட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். முகம் மட்டும் இறுகிப்போயிருந்தது.

"கோவிக்காதீங்க மச்சான். நான் வயல்காரன். தண்ணிட குணம் எனக்குத் தெரியும். மாரியில வெள்ளம் வந்தாப் பரவாயில்ல, எல்லா ஊருலயும் வருறதுதான். நம்மட வயலெல்லாம் காஞ்சு கிடக்கக்குள்ள, ஒரு துளி மழை இல்லாம உங்கட ஊருல வெள்ளம் வந்து நூத்தியிருபது பேர்ச்சையும் விழுங்கியிருக்கு. அப்ப மாரியில என்ன நடக்கும்? அந்த ஊருல என்ட மகனைக் குடியிருத்த ஏலாது."

சரீப்புக்கு மானம் போனாலும் பரவாயில்லை என்றாகிவிட்டது. மகளின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. "வெள்ளம் வரல்ல மச்சான்! சத்தியமா வரல்ல. அது காணியே இல்ல, கடல். அந்த மெப் எனக்கு விளங்கல்ல. விளங்கின மாதிரிச் சொல்லிப்போட்டன். நேவியில நான் கிழங்கு சீவின ஆள். மெப்பைப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது!"

சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் கட்டிக் காத்த பெருமையை ஒரே மூச்சில் கீழே போட்டுவிட்டு, மூச்சு வாங்கினார்.

முஹம்மது தம்பி ஒரு விரலை மடக்கினார். "வெள்ளத்துல காணி போச்செண்டு நீங்க கையெழுத்து வெச்சீங்களா இல்லையா?"

"வெச்சன்."

"வெள்ளக் கம்பளி வாங்கினீங்களா?"

"வாங்கினன்..."

"பாருங்க மச்சான், வெள்ளம் வந்தது மெய்யெண்டா அந்த ஊருல சம்மந்தம் வைக்க ஏலாது. வரல்ல எண்டா, வராத வெள்ளத்துக்குக் கையெழுத்து வெச்ச மனிசனோட சம்மந்தம் வைக்க ஏலாது. நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்யிற?"

அவர் நக்கலுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். சரீப் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பினார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஜெமீலா வாசலில் நின்றாள். முகத்தைப் பார்த்ததும் தலையில் கையை வைத்து இருந்துவிட்டாள். நிஸா தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"என்னவாம் வாப்பா?"

"வெள்ளத்துக்குப் பயப்படுறாங்க மகள்."

அவள் எப்போதும் வெடுக்கென்று சிரித்துக்கொண்டு கதைக்கிற பிள்ளை. இப்போதும் சிரிக்கத்தான் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"வெள்ளம் வருமெண்டு எனக்கு முதல்லயே சொல்லியிருந்தா, நான் நீந்தவாவது பழகியிருப்பன் வாப்பா" என்றாள்.

சரீப் செம்பை வாங்கவில்லை. நிஸா செம்பைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.